பாய்க்குப் பட்டம் வந்தது... பழக ஆள் வருமா?

*இடுக்கி முதல் பாலக்காடு வரை மலைக்குடிகள் முடையும் கண்ணாடிப்பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தக் கைவேலையைக் கற்க வேண்டிய இளசுகள் முன்னால் இருப்பது என்ன?*

கையகல மூங்கில் குழாய் ஒன்று. சாய்த்து மெல்லத் தட்டினால் உள்ளேயிருந்து ஒரு சுருள் வழுக்கிக்கொண்டு வருகிறது. வைக்கோல் நிறம். திண்ணையில் வைத்து விரலால் ஒரு தள்ளு தள்ளினால் போதும், ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கிற அளவுக்கு விரிந்துவிடும். வேடிக்கை அதற்குப் பிறகுதான். நின்ற இடத்திலிருந்து பார்த்தால் கட்டம் கட்டமாக மினுங்குகிறது. இரண்டடி நகர்ந்து நின்றால் மினுங்கிய கட்டம் மங்கிப்போய், மங்கலாய்க் கிடந்த கட்டம் மினுங்குகிறது. சாயம் கிடையாது, ஜரிகை கிடையாது. எல்லாம் ஈற்றை என்ற மூங்கில் வகையிலிருந்து சீவியெடுத்த சிம்புதான். நெடுக்கே ஓடும் சிம்பு ஒரு பக்கம் வெளிச்சத்தைத் திருப்புகிறது, குறுக்கே ஓடும் சிம்பு இன்னொரு பக்கம். எதை மேலே விடுவது, எதைக் கீழே அமுக்குவது என்று முடைகிறவர் மனசுக்குள் போட்ட கணக்குதான் அந்த மினுக்கம். தறி இல்லை, அச்சு இல்லை, வரைந்துவைத்த மாதிரியும் இல்லை.

இதுதான் கண்ணாடிப்பாய். 2025-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கேரளத்தில் பழங்குடிக் கைவினைப் பொருள் ஒன்றுக்கு இந்தப் பட்டம் வருவது இதுவே முதல் தடவை. பீச்சியில் இருக்கும் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் ஆவணங்களைத் திரட்டிக் கொடுத்து முன்னின்று உதவியது. பட்டம், இடுக்கி மாவட்டம் வெண்மணியில் இயங்கும் ‘உணர்வு’ பழங்குடியினர் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கம் உள்ளிட்ட பழங்குடி அமைப்புகளின் பெயரில் வந்தது. செய்தித்தாள்கள் படம் போட்டன, சமூக ஊடகங்களில் பாய் சுற்றிச் சுற்றி வந்தது, எங்கே வாங்கலாம் என்று பலர் விசாரித்தார்கள்.

அதே செய்திகளின் கடைசிப் பத்தியில் ஒரு வரி தவறாமல் இருந்தது: முழுசாக முடையத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு, அவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். பட்டத்தைவிட அந்தக் கடைசி வரிதான் பெரிய செய்தி.

வரைபடத்தில் இல்லாத எல்லை

பாலக்காடு, இடுக்கி இரண்டும் அடுத்தடுத்த மாவட்டங்கள் அல்ல. நடுவே திருச்சூரும் எர்ணாகுளமும் கிடக்கின்றன. கிழக்கே சுற்றினால் நம்முடைய ஆனைமலையும் வால்பாறையும். ஆனால் காடு அப்படிப் பிரிந்திருக்கவில்லை. நெல்லியாம்பதி, பரம்பிக்குளம், சோலையாறு, வாழச்சால், இடமலக்குடி, மறையூர் என்று ஒரே மலைத்தொடர் இறங்கி ஏறிப் போகிறது. பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்துக்குச் சாலை வழியே போக வேண்டுமென்றால் இன்றைக்கும் பொள்ளாச்சி வந்து, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டுக்குள் நுழைந்துதான் போயாக வேண்டும். மாநில எல்லை போட்டவர்கள் காட்டுக்குள் நடந்து பார்க்கவில்லை என்பதற்கு அந்த ஒரு சாலை போதும்.

இந்தத் தொடர் முழுக்க ஈரம் நின்ற பள்ளங்களில் ஈற்றை வளர்கிறது. மூங்கில் இனம்தான். ஆனால் மெலிசு, உட்கூடு, கணுவுக்குக் கணு நீளம். காடர், முதுவான், மன்னான், ஊராளி, உள்ளாடன், மலையரையன், மலைப்புலையன் என்று ஈற்றை வளரும் இடமெல்லாம் கண்ணாடிப்பாய் முடையும் குடிகள் இருக்கிறார்கள். முதுவான்களும் மன்னான்களும் தாங்கள் மதுரைப் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்றுதான் சொல்கிறார்கள். மதுரை மீனாட்சியைச் சுமந்துகொண்டு வந்த கதை முதுவான் குடிகளில் உண்டு. மன்னான் கூத்து ஆடுவது கோவலன், கண்ணகி கதையை. பேச்சிலும் தமிழ் வாடை தூக்கலாகவே இருக்கும்.

இந்த மலைக்குடிகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்களில் ஒரு தந்தையும் மகனும் உண்டு. பாலக்காடு லட்சுமிநாராயணபுரத்து எல்.கே.அனந்தகிருஷ்ண ஐயர் கொச்சி சமஸ்தானத்துப் பழங்குடிகளைப் பற்றிய தம் நூலின் முதல் தொகுதியை 1909-ல் வெளியிட்டார். அவர் மகன் எல்.ஏ.கிருஷ்ண ஐயர் பின்னாளில் திருவிதாங்கூர்ப் பக்கத்து முதுவான், மன்னான், ஊராளி குடிகளைப் பற்றி எழுதினார். அப்பா வடக்கு, மகன் தெற்கு. அக்கிரகாரத்திலிருந்து கிளம்பிய இருவருமாக இந்த மலைத்தொடரையே பங்கு போட்டுக்கொண்டார்கள்.

> கண்ணாடிப்பாய்: கையடக்கத் தகவல்
>
> மூலப்பொருள்: ஞூஞ்ஞில் ஈற்றை எனப்படும் மெல்லிய வகை. பொன்னீற்றை, மெய்யீற்றை, நெய்தீற்றை என்றும் இடத்துக்கு இடம் பெயர் மாறும். வேறு ஈற்றை வகைகளும் பயன்படுகின்றன.
>
> எதிலிருந்து: ஈற்றையின் மென்மையான உட்பகுதியைச் சீவியெடுக்கும் சிம்பு.
>
> முடையப்படும் மாவட்டங்கள்: இடுக்கி, எர்ணாகுளம், திருச்சூர், பாலக்காடு.
>
> பெயர் போனது எதற்கு: வெயிலில் குளிர்ச்சி, குளிரில் கதகதப்பு. சுருட்டினால் மூங்கில் குழாய்க்குள் அடங்கும்.
>
> பழைய பெருமை: அரசர்களுக்குக் காணிக்கையாகக் கொடுக்கப்பட்டது.

முதலில் காடு, பிறகு கத்தி, கடைசியில் பாய்

முடையக் கற்றுக்கொள்வது முடைவதில் தொடங்குவதில்லை. எந்த ஈற்றையை வெட்டுவது என்பதே முதல் பாடம். இளசு சுருங்கிப் போகும், முற்றியது சீவும்போது பிளந்துகொள்ளும். தேய்பிறையில் வெட்டினால் பூச்சி அரிக்காது என்பது மூங்கில் வேலை நடக்கும் மலைகளில் பரவலாகக் கேட்கிற பேச்சு. இதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. முன்னால் போகிறவர் எதை விட்டுவிட்டு எதை வெட்டுகிறார் என்று பின்னால் போகிறவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பின்னால் ஆள் போயே தீர வேண்டும். ஈற்றைக்காடு யானைக்குப் பிடித்த இடம். தின்பதும் அதைத்தான், நிற்பதும் அதற்குள்தான். ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து நிற்கும் புதருக்குள் பத்தடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒருவர் வெட்ட, ஒருவர் காது கொடுத்து நிற்க வேண்டும். கூட்டாளி இல்லாமல் இந்தத் தொழில் இல்லை என்பது தத்துவம் அல்ல, உயிர் பிழைக்கும் வழி. நகரத்துப் பயிற்சி வகுப்பில் மேசைமேல் சீவித் தயாராக வைத்த சிம்பைப் பின்னிக் கற்றவருக்கும் காட்டிலிருந்து கற்றவருக்கும் வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது கத்தி. நீள ஈற்றையை நாலாய், எட்டாய்ப் பிளந்து, பச்சைத் தோலை உரித்து, உள்ளிருக்கும் பகுதியைக் கத்தி முனையில் இழுத்து இழுத்து மெலிசாக்க வேண்டும். ஒரே சிம்பு இந்த முனையில் தடித்தும் அந்த முனையில் மெலிந்தும் போனால் பாய் முழுக்க அந்தத் தப்பு தெரியும். சிம்பின் ஓரம் பிளேடு மாதிரி. பழகுகிறவர் விரலைப் பார்த்தாலே எத்தனை நாளாகிறது என்று சொல்லிவிடலாம்.

முதுவான் குடிகளில் இந்தப் பழக்கத்துக்கு ஓர் இடம் இருந்தது: சாவடி. கல்யாணமாகாத இளந்தாரிகள் இரவில் வீட்டில் தூங்குவதில்லை, சாவடியில்தான் படுக்கை. வெளியூர் விருந்தாளி வந்தாலும் அங்கேதான் தங்கல். குடியில் யாருக்குத் துணை வேண்டும், எந்தக் காட்டுக்கு நாளை போவது, பாட்டு, கதை, சண்டை, சமாதானம் எல்லாம் அங்கேதான். வயசுப் பெண்களுக்கும் அப்படித் தனியிடம் உண்டு. பத்துப் பன்னிரண்டு வயதில் சாவடிக்குள் நுழையும் பையன் கல்யாணமாகி வெளியேறுவதற்குள் ஒரு குடிக்குத் தேவையான கைவேலை எல்லாம் அவனுக்குள் இறங்கியிருக்கும். வாத்தியார் யார் என்று கேட்டால் பெயர் சொல்லத் தெரியாது. ரெண்டு வயது மூத்தவன் கை செய்ததைப் பார்த்து இவன் கை செய்தது, அவ்வளவுதான்.

கல்யாணத்திலும் கூட்டாளிகளுக்கு வேலை இருந்தது. பெண்ணைத் தோழிகள் காட்டுக்குள் ஒளித்துவைக்க, மாப்பிள்ளை தன் கூட்டாளிகளோடு போய்த் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது முதுவான்களிடம் பதிவான பழைய வழக்கம். ஈற்றைக்காட்டில் யானைக்குக் காது கொடுத்தவன் இங்கே காலடிக்குக் காது கொடுப்பான்.

சீப்பு கொடுத்தவன் மாப்பிள்ளை

இந்த மலையில் செய்யத் தெரிந்ததற்கு முதல் பரிசோதனை விற்பனை அல்ல, கொடுப்பது. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் ஆனைமலைக் காடர்களின் மூங்கில் சீப்பைப் பற்றி ஆசையாக எழுதியிருக்கிறார். கல்யாண வயது வந்த காடர் பையன் தன் கையால் சீப்பு ஒன்று செய்து, அதில் கோலம்போலச் சித்திரம் கீறி, கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குக் கொடுக்க வேண்டும். அவள் அதைக் கொண்டையில் செருகிக்கொள்வாள். யார் சீப்பு அழகு என்று பையன்களுக்குள் போட்டியே நடக்குமாம். முதுவான்களிடமும் மாப்பிள்ளை ஈற்றையால் செய்த சீப்பு கொடுக்கும் வழக்கம் இருந்தது.

கொஞ்சம் யோசித்தால் இது எவ்வளவு கெட்டிக்கார ஏற்பாடு என்று புரியும். வாங்கிக் கொடுக்க முடியாது, செய்துதான் கொடுக்க வேண்டும். செய்யத் தெரியாதவனுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும். ஆகவே கற்றுக்கொள்ள வேண்டும் என்று யாரும் யாரையும் விரட்ட வேண்டியதில்லை.

நமக்கு மொய் தெரியும். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மொய்விருந்தில் நோட்டுப் புத்தகம் வைத்து எழுதுவதும், திருப்பிச் செய்யாதவன் பேர் கெடுவதும் தெரியும். கொடுப்பதில் வாங்குவதும், வாங்குவதில் திருப்பித் தரும் கடனும் அடங்கியிருக்கின்றன என்று பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-ல் ஒரு நூலே எழுதினார். மலைக்குடிகளின் கொடுக்கல் வாங்கலும் அதே கணக்குதான்: இன்றைக்கு என் வீட்டுக் காட்டு வேலைக்கு நீ, நாளைக்கு உன் வீட்டுக்கு நான். சிக்கல் எங்கே வந்தது என்றால், மலைக்கு வெளியே இருந்தவர்களுக்குக் கொடுத்தபோதுதான்.

அரசருக்குக் கண்ணாடிப்பாய் காணிக்கையாகப் போனது. அரசர் என்ன செய்தார்? முதுவான் குடிகள் நிறைந்த உயர்மலை, பூஞ்ஞார் அரச குடும்பத்தின் ஆளுகையில் இருந்தது. 1877 ஜூலை 11-ல் பூஞ்ஞார் ராஜா அந்த மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்குக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தார். கண்ணன் தேவன் மலை என்று இன்று தேயிலைப் பாக்கெட்டில் நாம் படிக்கிற பெயரின் தொடக்கம் அந்தக் குத்தகையில் இருக்கிறது. கண்ணனும் தேவனும் முதுவான் தலைவர்கள், வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டியவர்கள் என்று மூணாறில் சொல்வார்கள். சொல்வது சரியென்றால், வழி கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது பெயர்ப்பலகை மட்டும்.

இடுக்கி அணைக்கும் இதே மாதிரி ஒரு கதை. 1922-ல் வேட்டைக்கு வந்த மலங்கரை எஸ்டேட் மேற்பார்வையாளர் டபிள்யூ.ஜே.ஜானுக்குக் குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே பெரியாறு பாயும் இடுக்கைக் காட்டியவர் கொலும்பன் என்ற பழங்குடித் தலைவர். அந்த இடத்தில்தான் 1976-ல் திறந்த இடுக்கி அணை நிற்கிறது. கொலும்பனுக்குச் சிலை இருக்கிறது. மின்சாரம் நீண்ட காலம் மலைக்குடிகளைத் தாண்டிக்கொண்டு சமவெளிக்குப் போனது.

பாய், பாதை, பெயர் என்று கொடுத்துக்கொண்டே இருந்த மலைக்குத் திருப்பி வந்தது சொற்பம். அந்த வகையில் பார்த்தால் இந்தப் புவிசார் குறியீட்டுக்குத் தனி எடை உண்டு. ஒரு பெயர் இந்த மக்களுக்கு உரியது, மற்றவர் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் சொல்லியிருக்கிறது. அதே 2025-ல், கோவில்மலையில் இருக்கும் மன்னான் ராஜா ராமன் ராஜமன்னான் குடியரசு தின அணிவகுப்பைப் பார்க்க மாநிலத்தின் விருந்தினராக டெல்லி போய்வந்ததையும் சேர்த்துக்கொள்ளலாம். மரியாதை வரத் தொடங்கியிருக்கிறது. அது கூலியாக மாறுமா என்பதுதான் கேள்வி.

பட்டம் என்ன செய்யும், என்ன செய்யாது

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் வந்தது, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிவேடு நம் சென்னையில், கிண்டியில் இருக்கிறது. டார்ஜிலிங் தேயிலைதான் முதல் பதிவு. பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். போலிப் பெயரில் விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். சட்டம் செய்வது இவ்வளவுதான். விலையைச் சட்டம் நிர்ணயிக்காது, சந்தை கட்டித் தராது, ஒரு பையனையோ பெண்ணையோ கத்தி பிடிக்கக் கூப்பிடாது.

தவிர, கண்ணாடிப்பாய்க்குப் போலி ஒரு பெரிய ஆபத்தே அல்ல. காப்பியடிக்கிற அளவுக்கு அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதைச் சாய்த்தது மலிவு பிளாஸ்டிக் பாய்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025-26-ல் கேரளத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் நாள்கூலி 369 ரூபாய். ஈற்றை வெட்டி, சீவி, காயவைத்து, நுணுக்கமான பாய் ஒன்றை முடைந்து முடிக்க ஒருவருக்கு 30 நாள் பிடித்தால் கூலி மட்டும் 11,070 ரூபாய் ஆகிறது. 20 நாளில் முடித்தாலும் 7,380. இது மண் வெட்டும் கூலிக் கணக்கு, கைத்திறனுக்கு இதில் ஒரு பைசா சேரவில்லை. இந்த விலைக்குக் கீழே வாங்குகிற ஒவ்வொருவரும் முடைந்தவரிடம் இனாம் வாங்கிக்கொண்டு போகிறார் என்றுதான் அர்த்தம். எங்கே வாங்கலாம் என்று கேட்டவர்களில் எத்தனை பேர் இந்தத் தொகையைக் கேட்டதும் ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்பார்கள் என்று யூகிப்பது கஷ்டமில்லை.

நம்மூர் உதாரணம் பத்தமடை. தாமிரபரணிக் கரைக் கோரையில் பட்டுத்துணி மாதிரி பாய் நெய்யும் ஊர். இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் 1953 முடிசூட்டு விழாவுக்குப் பாய் அனுப்பிய பெருமையை அந்த ஊர் இன்றும் சொல்லிக்கொள்கிறது. புவிசார் குறியீடு கண்ணாடிப்பாய்க்குப் பல ஆண்டு முன்பே வாங்கியாகிவிட்டது. ஆனால் நுணுக்கமான பட்டுப்பாய் நெய்கிறவர்கள் அருகிக்கொண்டேதான் வருகிறார்கள். அங்கே ஒரு விஷயம் மட்டும் பாயைத் தாங்கிப் பிடித்திருக்கிறது: கல்யாணச் சீர். மணமக்கள் பெயர் போட்டு நெய்யும் பாய்க்கு இன்றும் கேட்பவர் இருக்கிறார்கள். பட்டத்தால் நிற்காதது சீரால் நிற்கிறது. கண்ணாடிப்பாயை விளம்பரப்படுத்த நினைக்கிறவர்கள் பெரிய நகரத்து ஷோரூமுக்கு ஓடுவதற்கு முன்னால் இந்த ஒன்றை யோசிக்கலாம். கேரள அரசு விழாக்களில் பொன்னாடைக்கும் பித்தளைக் கேடயத்துக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதி இந்தப் பக்கம் திரும்பினாலே சில குடிகளுக்கு ஆண்டு முழுக்க வேலை இருக்கும்.

> மூங்கிலும் சட்டமும்
>
> 1927: இந்திய வனச் சட்டம். மூங்கில் ‘மரம்’ என்ற வரையறைக்குள் வந்தது. வெட்ட, கொண்டுபோக அனுமதி தேவை.
>
> 2006: வன உரிமைச் சட்டம். மூங்கில் சிறு வன விளைபொருள் ஆனது. சேகரிக்கவும் விற்கவும் காட்டில் வாழும் குடிகளுக்கு உரிமை.
>
> 2014: கேரளத்தின் முதல் சமூக வன உரிமை, வாழச்சாலின் ஒன்பது காடர் குடியிருப்புகளுக்கு.
>
> 2017: வனச் சட்டத் திருத்தம். காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலுக்கு மட்டும் ‘மரம்’ பட்டியலிலிருந்து விடுதலை.

ஈற்றை யாருக்கு?

கைவினையைக் காப்பாற்றுவது பற்றிப் பேசும்போது கையைப் பற்றியே பேசிவிட்டு, மூலப்பொருளை மறந்துவிடுகிறோம். கேரளத்து ஈற்றைக்காடுகள் வெகுகாலம் காகித ஆலைகளுக்குத் தீனி போட்டன. கோட்டயம் மாவட்டம் வெள்ளூரில் 1982-ல் தொடங்கிய மத்திய அரசின் செய்தித்தாள் காகித ஆலைக்கு, அரசு சலுகை விலையில் ஈற்றை கொடுத்தது. அந்த ஆலை நின்றுபோய் இப்போது கேரள அரசின் கையில் வேறு பெயரில் ஓடுகிறது. சமவெளியில் கூடை முடைகிறவர்களுக்கு ஈற்றை சேகரித்துத் தர 1971-ல் அங்கமாலியைத் தலைமையிடமாக வைத்து மூங்கில் கழகம் வந்தது. லாரி லாரியாகக் காட்டை விட்டு இறங்கிய ஈற்றைக்குக் கணக்கு உண்டு. காட்டுக்குள்ளேயே இருந்து, பாய்க்கு வேண்டிய கட்டு ஈற்றையைத் தோளில் தூக்கி வருகிறவர் மட்டும் சோதனைச் சாவடியில் பதில் சொல்லும்படி ஆனது.

வன உரிமைச் சட்டம் இதை மாற்றியிருக்க வேண்டும். காகிதத்தில் மாற்றியும் இருக்கிறது. ஆனால் உரிமை ஒரு இடத்தில் கிடைத்து இன்னொரு இடத்தில் இழுபறியாகக் கிடந்தால், வெட்டப் போகிறவருக்கு அது வனக்காவலரின் மனநிலையைப் பொறுத்த விஷயமாகிவிடுகிறது. பரம்பிக்குளம் 2010-ல் புலிகள் காப்பகமானது. காப்பகத்துக்குள் குடிகள் இருக்கலாம், வழிகாட்டியாக, காவலராக வேலை கிடைக்கலாம். மாதச் சம்பளம் வருகிறது என்பது நல்ல விஷயம்தான். ஆனால் அந்தச் சம்பளம் வரும் பையன் ஈற்றை சீவ எதற்கு உட்காருவான்?

சாவடி காலியான கதை

இடமலக்குடி 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடி கிராம ஊராட்சியானது. முழுக்க முதுவான் குடிகள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மேல்வகுப்புப் படிக்க வேண்டுமென்றால் மலையிறங்கி விடுதியில் தங்கியாக வேண்டும். கேரளத்தின் மாதிரி உறைவிடப் பள்ளிகளும் பழங்குடி விடுதிகளும் நல்ல காரியம் செய்திருக்கின்றன, சந்தேகமில்லை. அதற்குக் கொடுத்த விலைதான் பேசப்படவில்லை. சாவடிக்குள் நுழைய வேண்டிய வயதில் பிள்ளை விடுதிக்குள் நுழைகிறது. விடுமுறைக்கு வரும்போது காட்டுப் பாதை மறந்திருக்கும், கூட்டாளி வேறு விடுதியில் இருப்பான். பதினெட்டு வயதில் திரும்பி வருகிறவனுக்கோ வருகிறவளுக்கோ விரல் இறுகிவிட்டிருக்கும். பாய் முடைவதை இருபது வயதில் கற்கலாம். ஆனால் அதைச் சேர்ந்து செய்யும் பழக்கத்தைத் தனியாளாகக் கற்க முடியாது.

‘அப்படியானால் படிக்காமல் பாய் முடையச் சொல்கிறீர்களா?’ என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மத்திய அரசின் பிரதமர் விஸ்வகர்மா திட்டம் 2023-ல் வந்தபோது, இது குலத்தொழிலுக்குத் திருப்பி அனுப்புகிறது என்று தமிழ்நாடு எதிர்த்தது. அந்தப் பயம் நியாயமானது. பாட்டி முடைந்தாள் என்பதற்காகப் பேத்தி முடைந்தே ஆக வேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது, அருங்காட்சியகத்துக்கு ஆள் பிடிக்கிற நல்ல மனசுக்காரர்களுக்கும் கிடையாது. ஆனால் முடைய ஆசைப்படுகிற பேத்திக்கு வழி இருக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் திட்டங்கள் சறுக்குகின்றன.

விஸ்வகர்மா திட்டத்தின் பதினெட்டுத் தொழில்களில் பாய், கூடை முடைவதும் உண்டு. பயிற்சி நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவி வாங்க 15,000 ரூபாய், வட்டி குறைந்த கடன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடிப்படைப் பயிற்சி ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். சிம்பு ஒரே கனத்தில் வரவே அந்த வாரம் போதாது. பயன் குடும்பத்துக்கு ஒருவருக்குத்தான். அம்மா பதிவு செய்துவிட்டால், அதே திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து கற்கிற கல்யாணமாகாத மகளுக்கு இடமில்லை. தச்சர் பட்டறையை மனதில் வைத்துப் போட்ட விதி மலைத்திண்ணைக்குப் பொருந்தவில்லை. கூட்டாகக் காட்டுக்குப் போய், கூட்டாகச் சீவுகிற தொழிலுக்குத் தனிநபர் விண்ணப்பம் என்பதே அடிப்படையில் இடிக்கிறது.

விடுதிப் பிரச்சினைக்கு வழி இல்லாமல் இல்லை. உறைவிடப் பள்ளியில் ஓவியத்துக்கும் விளையாட்டுக்கும் ஆசிரியர் இருப்பது போல, குடியிலிருந்து முடையத் தெரிந்த ஒரு மூதாட்டியைச் சம்பளத்தோடு அழைத்துவந்து உட்கார வைக்கலாம். சான்றிதழ் இல்லை என்று கல்வித் துறை மறுக்கும். புவிசார் குறியீடு என்ற சான்றிதழே அவர் கையால் வந்ததுதான் என்று பதில் சொல்லலாம். நீண்ட விடுமுறையில் நாலைந்து பேராகச் சேர்ந்து குடிக்குத் திரும்பிக் கற்பதற்கு உதவித்தொகை கொடுக்கலாம், தனித்தனியாக அல்ல, குழுவுக்கு. ஈற்றை வெட்டும் அனுமதியை ஊர்க்கூட்டத்தின் பெயரில் ஆண்டு முழுக்கத் தரலாம். இவை எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை.

உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று கிண்டியில் இருக்கிறது. புவிசார் குறியீட்டுப் பதிவேட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் பொருளும் அதைப் பதிந்த அமைப்புகளும். இரண்டாம் பகுதியில் அந்தப் பெயரைப் பயன்படுத்த அங்கீகாரம் பெற்ற பயனர்கள், அதாவது பொருளை உண்மையாகவே செய்கிறவர்கள். அங்கே பெயர் ஏறினால்தான் தன் பாயில் அந்தக் குறியீட்டைத் தன் பேரிலேயே போட்டு விற்க முடியும், இடைத்தரகர் அதை வாங்கி வேறு கடைப் பெயரில் ஒட்டுவதைத் தட்டிக் கேட்க முடியும். முன்பு இந்த விண்ணப்பத்துக்கு 500 ரூபாய் கட்டணம். 2020-ல் விதியைத் திருத்திப் பத்து ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். சங்கத்தில் யாராவது ஒருவர் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு குடிகுடியாகப் போக வேண்டும். மூத்தவர்கள் பெயரை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து சிம்பு சீவுகிறவரின் பெயரையும் கேட்டு எழுத வேண்டும்.